தகரப் பந்தல்

சிங்கராயர் தும்மினால்கூட அது தோட்டத்தின் மேல் டிவிசன் வரைக்கும் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதர், லண்டனில் இருக்கிற மகளோடு முகம் பார்த்துப் பேசுவதற்கென்று வானத்திலிருந்து இன்டர்நெட் இறக்குகிற தட்டு ஒன்று வீட்டுக்கு வருகிறதென்றால், அதைப் பின்பக்கம் கோழிக்கூட்டுக்கு அருகிலா வைப்பார்? முன்வாசலில்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். முன்வாசலிலும் வேறு இடம் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி நேசராணி வருடக்கணக்காகப் பனியிலும் மழையிலும் பாடுபட்டு வளர்த்த டேலியா பாத்தியின் நட்ட நடுவில் குழி வெட்டச் சொன்னார். பின்பக்கம்தான் மரமில்லாமல் வெட்டவெளியாகக் கிடக்கிறதே என்று அவள் சொன்னபோது, பின்பக்கத்தால் யார் போகிறார்கள், கோழிதானே போகிறது என்று கேட்டார்.

அப்புத்தளைக்குக் கீழே, மூடுபனி மதியத்துக்கு முன்பே ஏறிவந்துவிடுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடி தான்தான் என்பது அவருடைய நினைப்பு. தேயிலை ஸ்டோரைப் பார்க்கிற டீமேக்கருக்கும் அதே நினைப்பு இருந்ததால் இரண்டு பேருக்கும் ஆகாது. கிளாக்கர் குவாட்டர்ஸின் முன்வாசல் படியில், வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்து ஆட்கள் கால் வைப்பதில்லை. பெயர் பதிய வந்தாலும், சுகமில்லை என்று ஆஸ்பத்திரித் துண்டு கேட்க வந்தாலும் பின்னால் சமையல் நடக்கிற குசினிப் பக்கமாகத்தான் வந்து நிற்பார்கள். எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதவில்லை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும், அவன் விட்டுப்போன அந்தப் பழக்கத்தைச் சிங்கராயர் தன்னுடைய பாட்டன் சொத்துப் போலப் பத்திரமாக வைத்திருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள், ஜெசீகா. லண்டனில் தாதியாக வேலை. அவளுக்குக் கல்யாணம் முடிவாகி, தாயும் தகப்பனும் போவதற்கு விசா கேட்டபோது, கொழும்பில் கையை விரித்துவிட்டார்கள். நேசராணி கோச்சியில் ஏறி அப்புத்தளை ஸ்டேசன் வந்து சேரும் வரைக்கும் அழுதாள். அவளுக்குப் பெரிதாக ஆசை எதுவும் கிடையாது. மகள் வெள்ளைச் சேலை உடுத்தி வேதக் கோயிலில் நிற்கிறதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். பிறகு அனுப்புகிற படத்தையும் வீடியோவையும் வைத்து என்ன செய்வது? அது நடக்கிற நேரத்தில் பார்க்க வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

இது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. தோட்டத்துக்கு வருகிற ஒரே டெலிபோன் கம்பி, மழை வரப்போகிறது என்று தெரிந்தாலே செத்துவிடும். கைப்பேசிக்கு ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல், அது குசினிக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற பீலியடி. ஆகவே ஜெசீகாதான் ஒரு வழி சொன்னாள். பதுளையில் ஒருவர் இந்தத் தட்டுப் பூட்டிக் கொடுக்கிறாராம், கம்பியூட்டரும் சேர்த்து அவளே ஏற்பாடு செய்துவிட்டாளாம். கல்யாணத்தன்று அங்கே கோயிலில் ஒரு கம்பியூட்டர் இருக்கும், இங்கே வீட்டில் ஒரு கம்பியூட்டர் இருக்கும். “இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?” என்று போதகர் கேட்கும்போது அப்பா இங்கேயிருந்தே பதில் சொல்ல வேண்டும் என்றாள். பெண்ணைப் பெற்றவன் வாய் திறந்து கொடுத்தால்தான் அவர்கள் கோயிலில் கல்யாணம். வேறொருவர் நின்று தன்னைக் கொடுப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சிங்கராயருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து “நான் கொடுக்கிறேன்” என்று சொல்லிப் பார்த்தார். ஒருநாள் கனமான குரலில், மறுநாள் தழுதழுத்த குரலில். பிறகு துரையைக் கூப்பிட்டார். டீமேக்கரைக் கூப்பிட்டார், அவன் வந்து வயிறெரிய வேண்டுமல்லவா? மாப்பிள்ளை யார் என்று கிளப்பில் கேட்டார்கள். கிருபா என்று பெயர், நல்ல வேலை, நேரில் காட்டுகிறேன் என்பதற்கு மேல் ஜெசீகா அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதற்காக மனிதர் வாயை மூடிக்கொண்டா இருப்பார்? என்ஜினியர் என்றார், யாழ்ப்பாணத்தில் பெரிய குடும்பம் என்றார், மாப்பிள்ளையின் தாத்தா அந்தக் காலத்து நீதவான் என்றார். அந்த நீதவானை அவர் கிளப்பிலிருந்து வீட்டுக்கு நடந்துவரும் வழியில்தான் உண்டாக்கியிருப்பார் என்று நேசராணிக்குத் தெரியும். இந்த மனுசனுக்கு ஆண்டவர் வாயைக் கொடுக்கும்போது மூடி கொடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

தட்டுப் பூட்டுகிற புவாத், பதுளையிலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கினான். எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூடுபனியில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அவனும் லேசுப்பட்டவனில்லை, தான்தான் வானத்துக்குச் செட்டலைட்டை ஏற்றி அனுப்பியவன் போலப் பேசினான். சிங்கராயர் குடையை ஊன்றிக்கொண்டு மேற்பார்வை செய்தார். லண்டன் மேற்குப் பக்கம்தானே, தட்டை மேற்கே திருப்பு என்று உத்தரவு போட்டார். புவாத் சிரித்துவிட்டு, நம் நாட்டுக்குச் செட்டலைட் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்கிறது, தட்டு ரொட்டிச்சட்டி மாதிரி மல்லாந்துதான் கிடக்கும் என்றான். சிங்கராயரின் முகம் விழுந்துவிட்டது. மல்லாந்து கிடந்தால் ரோட்டில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் அடித்தளத்தையாவது உயர்த்திக் கட்டு என்றார். கொங்கிரீட்டில் இடுப்பளவுக்கு ஒரு மேடை எழும்பியது. அதன் மேல் இரும்புக் குழாய், குழாயின் மேல் தட்டு. கல்லறையில் நினைவுக்கல் வைத்த மாதிரி இருக்கிறது என்று நேசராணி சொன்னாள், தன்னுடைய டேலியாக்களை மனதில் வைத்துக்கொண்டு.

கொங்கிரீட் இறுகியபின் புவாத் மறுபடியும் வந்தான். கீச்சுக் கீச்சென்று கத்துகிற சின்னக் கருவியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சத்தம் ஒரே சீராக வந்ததும் ஆணிகளை இறுக்கினான். எதை அழுத்தினால் கூப்பிடலாம், எதை அழுத்தினால் முகம் வரும் என்று நேசராணிக்குக் காட்டிக்கொடுத்தான். சிங்கராயர் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு மேற்பார்வைதான் தெரியும்.

முகம் வந்தது. முதலில் கட்டம் கட்டமாக, பிறகு ஜெசீகாவாக. நேசராணி திரையைத் தொட்டுவிட்டாள். மகள் மெலிந்திருக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், ஆனால் சிரிப்பு அதேதான். சொன்னது போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு ஜெசீகா கொஞ்சம் பயந்த மாதிரிப் பக்கத்தில் திரும்பி, “இவர்தான்மா, உங்களுக்குத் தெரிஞ்சவருதான்,” என்றாள்.

கோட் போட்ட ஒருவன் திரைக்குள் வந்து குனிந்தான். கையைக் கூப்பினான். “வணக்கம் கிளாக்கரய்யா,” என்றான்.

எத்தனை கடல் தாண்டிப் போனால் என்ன, சின்ன வயதில் குசினி வாசலில் நின்று பழகிய வார்த்தை நாக்கை விட்டுப் போகவில்லை. கிருபாகரன். கீழ் டிவிசன் லயத்து அங்கம்மாவின் மகன். கோயில் விடுதியில் சேர்ந்து கொழும்பு போய்ப் படித்தவன், பிறகு லண்டன் போனான் என்று கேள்வி. அங்கம்மா இன்றைக்கும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பொய் சொல்வானேன், நேசராணியின் நெஞ்சிலும் சுருக்கென்றது. அவளும் அந்தக் குவாட்டர்ஸில் இத்தனை காலம் சும்மாவா இருந்தாள்? அங்கம்மாவை வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள். ஆனால் அந்தப் பக்கத்தில் மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றாள். பரீட்சை முடிவு பார்க்க நிற்கிற பிள்ளையைப் போல. அதைப் பார்த்தபின் நேசராணிக்கு வேறெதுவும் பெரிதாகப் படவில்லை. நல்லா இருங்க இரண்டு பேரும் என்று சொன்னாள்.

அவள் பயந்தது கணவனைப் பார்த்துத்தான். கம்பியூட்டரைத் தூக்கிப் போட்டு உடைப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக என்றார். பேசி முடிந்ததும் எழுந்துபோய், புவாத்தோடு வேன் வரைக்கும் நடந்தார். கூலிக்கு வந்தவனை வாசல் வரை கொண்டுபோய் விடுகிற பழக்கம் அவருக்கு ஏது? அங்கே நெடுநேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர் நல்ல மனதாக மாறிவிட்டார் என்று நேசராணி நினைத்தாள். பெற்றவனுக்குப் பிள்ளைதான் பெரிதென்று காட்டிவிட்டார் என்று அன்றைக்கு ஜெபத்தில் அவருக்காக நன்றிகூடச் சொன்னாள். அந்த நன்றியைத் திரும்பக் கேட்டு வாங்க முடியுமானால் பிற்பாடு வாங்கியிருப்பாள்.

அதன் பிறகு சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் சத்தம் கேட்கவில்லை. அதை அவள் கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே, அவள்தானே மாப்பிள்ளையைப் பெற்றவள் என்று கேட்டபோது, சொல்லியாயிற்று, வரச்சொல்லியிருக்கிறேன் என்றார். கிளப்பில் அந்த நீதவான் தாத்தாவைப் பற்றிய பேச்சும் நின்றிருக்கும் என்று நம்பினாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பந்தல் போட இராசையா வந்தான். பெண் வீட்டில் பந்தலில்லாமல் கல்யாணம் ஏது? பெண் லண்டனில் இருந்தால் என்ன, வாசல் இங்கேதானே இருக்கிறது. தோட்டத்தில் எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் இராசையாதான் பந்தல்காரன். வழக்கம்போல மூங்கிலும் படங்குத் துணியும் கொண்டுவந்திருந்தான். சிங்கராயர் படங்கைத் திருப்பி அனுப்பினார். கார்த்திகை மழையில் படங்கு ஒழுகும், தொரை வந்து உட்காருகிற இடம், தகரம் போடு என்றார். ஸ்டோரிலிருந்து பழைய தகரங்களை லொறியில் இறக்குவித்தார். எங்கே போட வேண்டும் என்றால், முன்வாசல் முழுக்க, டேலியா பாத்தியையும் சேர்த்து, தட்டுக்கும் மேலாக.

நேசராணி குசினியிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தாள். தட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று புவாத் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. மேலே ஒன்றும் வைக்கக்கூடாதென்றாரே என்றாள்.

“மழத்தண்ணி தேங்கினா டிஷ் பழுதாப் போயிரும் நேசம். இது எனக்குத் தெரியாதா? நீ போயி பலகாரத்தப் பாரு.”

அவள் போய்ப் பலகாரத்தைப் பார்த்தாள். அதுதான் அவள் செய்த பிழை. ஆனால் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. முப்பது வருடம் ஒரு மனிதனை மடையன் என்று நினைத்து வாழ்ந்தவளுக்கு, அவன் மடத்தனம் செய்யும்போது சந்தேகம் எங்கேயிருந்து வரும்? பெருமைக்குப் பிறந்தது, தட்டுக்கும் குடை பிடிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கத் திரும்பினாள். தகரம் போட்டாலும் வேலை செய்யுமோ என்னவோ, அவரும் புவாத்தைக் கேட்டிருப்பார்தானே என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் பின்னேரம் ஆட்கள் வந்தார்கள். தகரப் பந்தலுக்குக் கீழே வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், வாழைமரம், கடதாசிப் பூ. நடுவில் மேடையின்மேல் மல்லாந்து கிடந்த தட்டுக்கும் ஒரு மாலை. முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில் பெரிய டீவியை வைத்துக் கம்பியூட்டரை அதோடு இணைத்திருந்தார்கள். டீவிக்கு நேர் எதிரே, பந்தலுக்குக் கீழே, துரைக்கும் துரைசாணிக்கும் மெத்தை வைத்த இரண்டு கதிரை. டீமேக்கர் குடும்பத்தைப் பின்வரிசையில் வாழைமரத்துக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார் சிங்கராயர். கோட் சூட்டில், மார்பில் பூவோடு அவர் நடந்த நடையைப் பார்த்தால் அவருக்கே கல்யாணம் என்று நினைக்கத் தோன்றும்.

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. நேசராணி கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, புவாத் காட்டிக்கொடுத்ததை ஒவ்வொன்றாகச் செய்தாள். இணைப்பு இல்லை என்று வந்தது. மறுபடியும் செய்தாள். மறுபடியும் இல்லை. லண்டனில் கோயிலுக்குப் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. டீவியில் நீல நிறம் மட்டும் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

சிங்கராயர் எழுந்து நின்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். நம் நாட்டில் எதுவும் இப்படித்தான், மழையென்றால் எல்லாம் படுத்துவிடும், ஆண்டவருடைய சித்தம் வேறாயிருக்கிறது, படத்தைப் பிறகு வீடியோவில் எல்லாருக்கும் காட்டுகிறேன், இப்போது கேக் சாப்பிடுவோம் என்றார். மாப்பிள்ளை என்ஜினியருக்கும் அவருடைய பாட்டனார் நீதவானுக்கும் சேர்த்து நன்றி சொன்னார்.

அந்த நீதவான் காதில் விழுந்ததும்தான் நேசராணி திரும்பிப் பார்த்தாள். தேநீரில் சீனி குறைந்தால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு ஒருவன் பிந்தி வந்தால் நாளெல்லாம் கத்துகிற மனிதர். மகளுடைய கல்யாணம் டீவியில் வரவில்லை, துரை காத்துக்கொண்டிருக்கிறார், டீமேக்கர் வாழைமரத்துக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருக்கிறான், இவர் முகத்தில் ஒரு துளி வேர்வைகூட இல்லை. கேக் வெட்டுகிறார்.

அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு குசினி வழியாகப் பீலியடிக்கு ஓடினாள், புவாத்தைக் கேட்போம் என்று. பீலியடியில் ஒரு பெண் குந்தியிருந்து கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். மழைக்குத் தலையில் சாக்குப் போட்டிருந்தாள். உடம்பில் புதுப் பட்டுச்சேலை, மகன் அனுப்பியதாக இருக்கும், நனையாமல் இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். அங்கம்மா.

நேசராணி, இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்பதற்குள் அங்கம்மாவே சொன்னாள். காலையிலேயே வந்துவிட்டாளாம். கிளாக்கரய்யா பின்பக்கமாக வரச்சொன்னாராம். படம் வந்ததும் கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் கையுதவியாக இரு, வாயைத் திறக்காதே என்றாராம்.

“படம் வந்துருச்சாம்மா?” என்று கேட்டுவிட்டு அங்கம்மா கையிலிருந்த கிளாஸைத் திருப்பிப் பார்த்தாள். “இல்ல, வராதா? ஒரு வார்த்த சொல்லிட்டா நான் இந்தக் கிளாஸ்களாச்சும் நிம்மதியாக் கழுவுவேன். மகன் கல்யாணத்துல தாய்க்கு இது ஒரு மொற போல.”

அதில் அழுகை இல்லை. நல்ல காரம் இருந்தது. நேசராணி அந்தக் காரத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு புவாத்தைக் கூப்பிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே எடுத்தான். தகரப் பந்தல் போட்டிருக்கிறோம், படம் வரவில்லை என்று இவள் சொன்னதும் அவனுடைய சிரிப்பு நின்றது.

“தகரமா? மெடம், ஐயாதான் அண்டைக்கு வேனடியில என்னட்ட கேட்டாரு, தட்டுக்கு மேல எத வெச்சா லைன் அறுந்து போகும் எண்டு. துணி, படங்கு பரவால்ல, தகரத்த மட்டும் போட்டுறாதீங்க எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

அவள் கைப்பேசியை அணைத்தாள். மழை தலையில் விழுந்தது தெரியவில்லை. முப்பது வருடம் மடையன் என்று நினைத்த ஆள் மடையனே இல்லை. நன்றாக யோசித்து, கேட்டு, தெரிந்துகொண்டு, மகளுக்கும் தாய்க்கும் நடுவில் கூரை போட்டிருக்கிறார். “நான் கொடுக்கிறேன்” என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டிவரும், அங்கம்மாவின் மகனுக்கு. அதைச் சொல்லாமல் தப்புவதற்கு, இருக்கிற ஒரு பிள்ளையின் கல்யாணத்தைத் தகரத்தால் மூடிவிட்டார். அவள் வாழ்நாளில் அவரைத் திட்டிய திட்டெல்லாம் எவ்வளவு மலிவான திட்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

“கிளாஸ வச்சிட்டு எந்திரிங்க சம்மந்தி,” என்றாள். அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். எந்திரிங்க, சம்மந்தி என்ற இரண்டு வார்த்தையும் அந்தக் குசினி வாசல் இதுவரை கேட்டதில்லை. நேசராணி அவளுடைய ஈரக் கையைப் பிடித்து, குசினிக்குள்ளாகவும் இல்லாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு, முன்வாசலுக்கு இழுத்துப் போனாள்.

தட்டுக்கு மேலே இருக்கிற தகரத்தைக் கழற்று என்று இராசையாவிடம் சொன்னாள். இராசையா கிளாக்கரைப் பார்த்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பிறந்ததிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்திருக்கிறான். அவள் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. கொய்யாப்பழம் பறிக்கிற நீளத் தடி வேலியில் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்து, கல்யாணச் சேலையோடு கொங்கிரீட் மேடையில் ஏறி நின்று, தலைக்கு மேலிருந்த தகரத்தை ஓங்கிக் குத்தினாள். கம்பிக்கட்டு அறுந்து தகரம் கிரீச்சென்று சரிந்தது. அதன்மேல் தேங்கிக் கிடந்த தண்ணீரெல்லாம் கேக்கின்மேல் கொட்டியது. துரைசாணி கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தாள். இரண்டாவது தகரத்தைக் குத்தும்போது, இராசையாவுக்கு எங்கேயிருந்து வீரம் வந்ததோ, மூங்கிலில் ஏறி மிச்சக் கட்டுகளை வெட்டத் தொடங்கிவிட்டான்.

சிங்கராயர் குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். மேடையில் நிற்கிற மனைவியிடமில்லை, துரையிடம். துரையின் தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி திரும்பிக் கத்தினார். “பைத்தியமா உனக்கு? தொரை நனையிறாரு.”

“நனையட்டும். தகரம் போட்டா படம் வராதுன்னு புவாத்துக்கிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டுத்தானே போட்டீங்க,” என்றாள் அவள். கத்தவில்லை. மழைக்கு மேலால் கேட்கிற அளவுக்குச் சொன்னாள், அவ்வளவுதான். “மாப்புள யாருன்னு இவங்களுக்குத் தெரியக்கூடாது. அதுக்காக நான் என் மகளப் பாக்கக்கூடாது. பெத்தவள கிளாஸ் கழுவ விட்டிருக்கீங்க. தூ.”

தடியைக் கீழே போட்டுவிட்டு இறங்கினாள். தட்டிலிருந்த மாலையையும் பிடுங்கி எறிந்தாள். துரையும் துரைசாணியும் விட்டெழுந்த மெத்தைக் கதிரை இரண்டையும் இஸ்தோப்பில் ஏற்றி, டீவிக்குக் கிட்ட இழுத்துப்போட்டு, ஒன்றில் அங்கம்மாவை உட்காரவைத்தாள். அங்கம்மா தலைச் சாக்கை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். முன்வாசல் வழியாக அந்த இஸ்தோப்பில் ஏறியதைப் பற்றி அவள் பயந்த மாதிரித் தெரியவில்லை. வீடு கொஞ்சம் சின்னதுதான் என்பது போலச் சுற்றிப் பார்த்தாள்.

மழை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. நேசராணி அழுத்த வேண்டியதை அழுத்தினாள். நீலம் போய்க் கட்டங்கள் வந்தன. கட்டங்கள் ஒரு கோயிலாயின, கோயிலுக்குள் வெள்ளைச் சேலையில் ஜெசீகா நின்றாள். நேரம் பிந்திவிட்டதென்று போதகர் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் அவள் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கோட்டோடு கிருபாகரன். நனைந்துகொண்டிருந்த விருந்தாளிகள் எல்லாரும் இஸ்தோப்புக்குள் முண்டியடித்து ஏறினார்கள். இது அங்கம்மாட மகனில்லையா என்று டீமேக்கர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. நீதவானைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அதுவரைக்கும் மரியாதை இருந்தது. யாரோ ஒரு பெண் அங்கம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஜெசீகா திரைக்குக் கிட்டக் குனிந்தாள். மூக்கு சிவந்திருந்தது, அழுதிருக்கிறாள்.

“அப்பா எங்கம்மா? போதகர் ஐயா இப்ப கேக்கப் போறாரு.”

நேசராணி வாசலைப் பார்த்தாள். சிங்கராயர் பிய்ந்த பந்தலுக்குக் கீழே குடையோடு நின்றார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கேட்டதும் தெரிந்தது, ஏனென்றால் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அப்பா கொட புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அவருக்கு அந்த வேலதான் சரியா வரும். நீ ஐயாவக் கேக்கச் சொல்லு.”

போதகர் கேட்டார். இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார் என்ற கேள்வி வானத்துக்கு ஏறி, டேலியா பாத்தியில் இறங்கி, டீவிக்குள் வந்து சேர்ந்தது.

“தாய் நான் குடுக்குறேன்,” என்றாள் நேசராணி. ஒரு தடவைகூட ஒத்திகை பார்க்காதவள், பிசிறில்லாமல் சொன்னாள். அங்கம்மாவின் கையை அவள் விடவில்லை.

அந்தச் சொல் லண்டன் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அதுவரைக்கும் ஜெசீகாவின் முகம் காத்துக்கொண்டே இருந்தது. பிறகு அந்த முகம் மலர்ந்ததைத் தாயும் பார்த்தாள், மாமியும் பார்த்தாள், முண்டியடித்து நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர்களில் துரையும் ஒருவர். படம் வந்த சத்தம் கேட்டதுமே அவர் இஸ்தோப்பில் ஏறிவிட்டிருந்தார். வாசலில் சிங்கராயர் பிடித்திருந்த குடைக்குக் கீழே யாருமில்லை. அவர் இன்னும் கையைத் தூரமாக நீட்டித்தான் பிடித்திருந்தார்.